நனவோடை என்பது ஒரே உத்தியா? புளூம், மாலி, கிளாரிசா மூவரையும் ஒரு சொல்லில் அடக்குவது பற்றி ஓர் ஐயம்

பாதிவழி வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை படித்த காலத்தில் நனவோடை உத்தி பற்றிய ஐந்து மதிப்பெண் வினா தேர்வில் தவறாமல் வரும். கதாபாத்திரத்தின் மனத்தில் ஓடும் எண்ணங்களை ஒழுங்குபடுத்தாமல் அப்படியே எழுதிக் காட்டுவதே நனவோடை என்றும், ஜேம்ஸ் ஜாய்ஸ், வர்ஜீனியா வுல்ஃப், வில்லியம் ஃபாக்னர் ஆகியோர் அதில் பெயர் பெற்றவர்கள் என்றும் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். மூவரில் ஒருவரையும் அப்போது படித்திருக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து இந்த ஆண்டுதான் அந்நூல்களைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகு, அன்று எழுதிய விடையில் ஒரு சொல்லாவது சரியானதா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் நான்காம் அத்தியாயத்தில் லியோபோல்ட் புளூமின் எண்ணங்கள் தந்தி வாசகங்கள்போல் அரை வாக்கியங்களாக, முற்றுப்புள்ளிகளால் வெட்டப்பட்டு வருகின்றன. அதே நாவலின் கடைசி அத்தியாயத்தில் அவருடைய மனைவி மாலியின் எண்ணங்கள் நிறுத்தக்குறியே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அடுத்து வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' நாவலைத் திறந்தால், அங்கே நாயகி கிளாரிசாவின் மனம் படர்க்கையில், அரைப்புள்ளிகள் நிறைந்த நீண்ட, அழகான, முழு வாக்கியங்களில் வருகிறது. இம்மூன்றையும் ஒரு மேசையில் அடுத்தடுத்து வைத்தால், ஒரே உத்தி என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

மனத்தில் ஓடுவதை "அப்படியே" எழுதுவதுதான் நனவோடை என்றால், மூன்று பேருக்கும் மூன்று வடிவம் ஏன் வந்தது என்பதும், அப்படியே எழுதுவதில் எழுத்தாளரின் வேலை எங்கே இருக்கிறது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. லா.ச.ரா., நகுலன் ஆகியோரைப் பற்றிப் பேசும்போதும் இச்சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்பதால், இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அரைப்புள்ளி எழுதியது:

வணக்கம். உங்கள் சந்தேகம் நியாயமானது. பாடநூல் விடையில் இருக்கும் "அப்படியே" என்ற சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். நனவோடை என்பது எழுதப்படும் பொருளுக்கு வைத்த பெயர். எழுதும் முறைக்கு வைத்த பெயர் அன்று. பொருள் ஒன்றாக இருக்க, அதை மொழிக்குள் கொண்டுவரும் வழிகள் பல. (இடையில் ஒன்று: இதை நினைவோடை என்று எழுதுவோரும் உண்டு. நினைவு கடந்ததைக் குறிக்கும்; நனவு விழித்திருக்கும் மனத்தின் இக்கணத்தையும் சேர்த்துக் குறிக்கும். இரண்டெழுத்து மாறினால் பாதிப் பொருள் போய்விடுகிறது.)

இச்சொல் இலக்கியத்தில் பிறந்ததே இல்லை. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், நனவு தன்னைத் துண்டுதுண்டாக உணர்வதில்லை என்றும், சங்கிலி, தொடர்வண்டி போன்ற உவமைகள் அதற்குப் பொருந்தா என்றும், ஆறு அல்லது ஓடை என்பதே இயல்பான உவமை என்றும் எழுதினார். பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே அத்தியாயத்தில் அவர் சொல்லும் இன்னோர் உவமைதான் நாவலுக்கு நெருக்கமானது. மனம் ஒரு பறவையைப் போன்றது. பறப்பதும் அமர்வதுமாக அதன் வாழ்க்கை மாறிமாறி நடக்கிறது. அமர்ந்திருக்கும் கணத்தை நாம் எளிதில் பெயரிட்டுவிடுகிறோம். பறக்கும் கணத்தைப் பிடிக்கப் போனாலோ, இருட்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக விளக்கைச் சட்டென்று ஏற்றிய கதையாகிவிடும் என்கிறார் அவர். நாவலாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட சிக்கல் இதுதான். எழுத்தாளர் மே சின்க்ளேர் 1918இல் டோரதி ரிச்சர்ட்சனின் நாவல் வரிசையைப் பற்றி எழுதியபோது இச்சொல்லை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வரிசையின் முதல் நூலான 'பாயின்டட் ரூஃப்ஸ்' 1915இல் வெளிவந்தது. ரிச்சர்ட்சனுக்கு இந்தப் பெயர் பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இனி நீங்கள் படித்த நான்காம் அத்தியாயத்துக்கு வருவோம். காலையில் இறைச்சிக் கடைக்குப் போவதற்காகப் புளூம் வீட்டு வாசற்படியில் நிற்கிறார். பின்பையில் சாவியைத் தேடுகிறார். இந்த வாக்கியம் கதைசொல்லியுடையது: படர்க்கை, இறந்தகாலம். அடுத்தது "அங்கே இல்லை" என்ற இரண்டு சொற்கள். இதைச் சொல்வது யார் என்று அறுதியிட முடியாது. அதற்கடுத்து, நான் கழற்றிப்போட்ட கால்சட்டையில் இருக்கிறது, எடுக்கவேண்டும், உருளைக்கிழங்கு என்னிடம் இருக்கிறது என்று வருகிறது. மேற்கோள் குறி இல்லை, "என்று நினைத்தார்" இல்லை. மூன்று அடிகளுக்குள் கதைசொல்லியின் வாயிலிருந்து புளூமின் தலைக்குள் நாம் இறங்கிவிட்டோம். கீச்சிடும் அலமாரி, அவளைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று எண்ணம் படுக்கையறைக்குப் போய்த் திரும்புகிறது. பிறகு மீண்டும் கதைசொல்லி வந்து, கதவை அவர் மெதுவாக இழுத்துச் சாத்துவதை எழுதுகிறார்.

அந்த உருளைக்கிழங்கு என்ன என்று ஜாய்ஸ் சொல்லவில்லை. தன் சட்டைப்பையில் இருப்பது ஏன் இருக்கிறது என்று யாரும் தனக்குத்தானே விளக்கிக்கொள்வதில்லை அல்லவா? அது இறந்துபோன தாயின் நினைவாக அவர் சுமந்து திரிவது என்பது பதினைந்தாம் அத்தியாயத்தில்தான் வாசகருக்குத் தெரியவருகிறது. ஒழுங்குபடுத்தாமல் அப்படியே எழுதுபவரால் இதைச் செய்ய முடியாது. நானூறு பக்கங்களுக்குப் பிறகு வரப்போகும் விடையை நினைவில் வைத்துக்கொண்டு, இங்கே ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறவரால்தான் முடியும்.

எட்டாம் அத்தியாயத்தின் முடிவை இதனோடு சேர்த்துப் படியுங்கள். அன்று பிற்பகல் நான்கு மணிக்குப் பாய்லன் என்பவன் மாலியைப் பார்க்க வரப்போகிறான் என்பதும், எதற்காக வருகிறான் என்பதும் புளூமுக்குத் தெரியும். நாள் முழுவதும் அவருடைய மனம் அந்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு போகிறதே தவிர, அதன்மீது அமர்வதில்லை. மதியம் தெருவில் பாய்லனைக் கண்டுவிடுகிறார். வைக்கோல் தொப்பி, பழுப்புக் காலணி, மடித்துவிட்ட கால்சட்டை ஓரம் என்று மூன்று துண்டுகளாகத்தான் கண்ணில் படுகிறான். பெயர்கூட மனத்தில் வருவதில்லை. உடனே அவர் எதையோ தேடுபவர்போல் எல்லாப் பைகளையும் துழாவிக்கொண்டு அருங்காட்சியகத்தின் வாயிலை நோக்கி விரைகிறார். வாக்கியங்கள் ஓரிரு சொற்களாக நொறுங்குகின்றன. கைக்குட்டை, செய்தித்தாள், உருளைக்கிழங்கு, பணப்பை, சோப்பு என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் வரிசையாக வருகிறது. "பதற்றமடைந்தார்" என்று எங்கும் எழுதப்படவில்லை. நிறுத்தக்குறிகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஓடையில் எது ஓடுகிறது என்பதைவிட, எதைச் சுற்றி ஓடுகிறது என்பதைக் கவனிப்பது பயன் தரும் என்பது என் அனுபவம்.

மாலியின் அத்தியாயம் வேறு வகை. அங்கே கதைசொல்லியே இல்லை. நள்ளிரவுக்குப் பின் படுக்கையில் கிடக்கிறாள். பக்கத்தில் கணவர் தூங்குகிறார். தொலைவில் தொடர்வண்டி ஊதுகிறது. தேவாலய மணி அடிக்கிறது. புற உலகம் அவ்வளவுதான். புளூம் நடந்துகொண்டிருப்பவர், கண்ணில் படுவதெல்லாம் எண்ணத்தை வெட்டும். மாலியை வெட்ட எதுவும் இல்லை. ஆகவே எட்டே எட்டு நீண்ட வாக்கியங்களில், ஆம் என்று தொடங்கி ஆம் என்று முடிகிறாள். இருவருக்கும் வடிவம் வேறுபடுவதற்கு மனநிலை மட்டுமன்றி உடல்நிலையும் காரணம்: ஒருவர் தெருவில், ஒருவர் இருட்டில்.

கிளாரிசாவின் கதைக்கு வந்தால், வுல்ஃப் தேர்ந்தது மூன்றாவது வழி. அவர் கதைசொல்லியைக் கைவிடவில்லை. கதைசொல்லியின் வாயிலேயே பாத்திரத்தின் மனமொழியை வைத்துவிடுகிறார். நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். அன்று மாலை விருந்து; கதவுகளைக் கீலிலிருந்து கழற்றவேண்டியிருக்கிறது. அடுத்த பத்தியில், பதினெட்டு வயதில் போர்ட்டன் என்னும் ஊரில் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு காலைக் காற்றுக்குள் பாய்ந்த நினைவு வருகிறது. அந்தக் கதவின் கீல் கிரீச்சிட்டது இப்போதும் அவளுக்குக் கேட்கிறது. லண்டன் வீட்டுக் கீலிலிருந்து முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கீலுக்கு மனம் தாவுகிறது; ஆசிரியர் பாலம் எதுவும் கட்டவில்லை, கீல் என்ற சொல்லை மட்டும் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார். இந்த முறையைக் கண்டுபிடிக்கத் தமக்கு ஓராண்டுத் தடுமாற்றம் தேவைப்பட்டது என்று 1923 அக்டோபர் 15ஆம் நாள் நாட்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். சுரங்கம் தோண்டுவது என்று அதற்குப் பெயரிட்டார்: கடந்த காலத்தை மொத்தமாகக் கொட்டாமல், தேவைப்படும்போது தவணை தவணையாகச் சொல்வது. நாவல் 1925 மே மாதம் வெளிவந்தது.

இன்னொன்றும் உண்டு. 'யுலிசிஸ்' 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில் டப்ளினில் நடக்கிறது (மாலியின் பகுதி மறுநாள் விடியலுக்கு முன்). 'மிஸஸ் டாலோவே' 1923 ஜூன் மாதத்தில் லண்டனில் ஒரே நாளில் நடக்கிறது. பிக் பென் கடிகாரம் மணியடித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே கட்டுக்கடங்காமல் ஓடவிடுவதற்கு வெளியே இவ்வளவு கறாரான கடிகாரமும் தெருப்படமும் தேவைப்பட்டன. ஓடைக்குக் கரை வேண்டும்.

ஐயப்பாடு எழுதியது:

மேலே எழுதியவரின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன் என்றாலும், ஓர் அடிப்படைக் கேள்வியை அவர் தொடாமல் விட்டுவிட்டார். மனம் சொற்களிலா ஓடுகிறது? 'யுலிசிஸ்' நாவலைப் பெரிதும் போற்றியவரான நாவலாசிரியர் நபகோவ் இதே மறுப்பைச் சொல்லியிருக்கிறார்: மனிதர் எப்போதும் சொற்களால் நினைப்பதில்லை, படிமங்களாலும் நினைக்கிறார், நனவோடையோ எல்லாவற்றையும் எழுதிவைக்கக்கூடிய சொற்பெருக்காகக் கருதிக்கொள்கிறது. நேற்று மாலை பேருந்துக்குக் காத்து நின்றபோது நான் நினைத்தவற்றில் பாதிக்குச் சொல்லே இல்லை. ஒரு புளிப்பு, ஒரு முகம், கால்வலி, அவ்வளவுதான். அப்படியிருக்க, மாலியின் மொழியை மனத்தின் உண்மையான ஒலி என்று கொண்டாடுவது மிகை. அது மனத்தைப் போலத் தோற்றம் தரும் ஒரு பேச்சுநடை.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோற்றத்தை உண்மை என்று ஏற்றுக்கொண்டதுதான் அந்நூலுக்கு விடுதலை வாங்கித் தந்தது. 1933 டிசம்பரில் நியூயார்க்கில் 'யுலிசிஸ்' ஆபாச நூல் அன்று எனத் தீர்ப்பளித்த நீதிபதி வூல்சி, நனவின் திரையில் மாறிக்கொண்டே இருக்கும் பதிவுகளையும், பழைய பதிவுகளின் எச்சங்களையும் சேர்த்துக் காட்ட ஜாய்ஸ் முயன்றிருக்கிறார் என்றும், தம் உத்திக்கு அவர் உண்மையாக இருந்ததாலேயே இத்தகைய சொற்கள் வந்தன என்றும் எழுதினார். நீதிமன்றத் தீர்ப்பு இலக்கிய விமர்சனமாகவும் அமைந்தது அரிது. ஆயினும் "உத்திக்கு உண்மை" என்பதும் "மனத்துக்கு உண்மை" என்பதும் வேறு வேறு.

ஒப்புநோக்கி எழுதியது:

மொழிபெயர்ப்புப் பிரதிகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது என் தொழில். ஆகவே இவ்விவாதத்தை இலக்கணத்தின் வாசல் வழியாகத்தான் என்னால் அணுக முடிகிறது. பாதிவழி வாசகரின் கேள்விக்கு மிகத் தெளிவான விடை, இப்பகுதிகளைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது கிடைக்கிறது. ஒரே உத்தியாக இருந்திருந்தால் மூன்றும் ஒரே இடத்தில் சிக்கவேண்டும். ஆனால் மூன்றும் வெவ்வேறு இடங்களில் சிக்குகின்றன.

புளூமின் வாசற்படியை எடுத்துக்கொள்ளுங்கள். "பின்பையில் சாவியைத் தேடினான். இல்லை. கழற்றிப்போட்ட கால்சட்டையில். எடுக்கவேண்டும். உருளைக்கிழங்கு இருக்கிறது." தமிழில் இது வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது, சொல்லப்போனால் தேவைக்கு மேல் எளிதாக வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு இடங்களில் "நான்" என்ற சொல் எழுந்து நின்று, கதைசொல்லி விலகிவிட்டார் என்பதை அறிவிக்கிறது. நம் மொழியில் "கழற்றிப்போட்ட" என்ற பெயரெச்சத்துக்கு இடம் காட்டும் விகுதி இல்லை. "வேண்டும்" என்பதற்கும் இல்லை. தன்மை என்பதே தலைகாட்டாமல் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கில வாசகருக்குக் கிடைக்கும் சிறு அதிர்ச்சி தமிழ் வாசகருக்குக் கிடைக்காது. "என்னிடம்" என்ற சொல்லைச் சேர்த்தால் அதிர்ச்சி வரும், ஓட்டம் கெடும். (அரைப்புள்ளி அவர்கள் புளூமை "அவர்" என்றே எழுதுகிறார். நான் "தேடினான்" என்று எழுதினேன். முப்பத்தெட்டு வயதுக்காரர், மனைவியுடையவர், மரியாதை கொடுப்பது முறைதான். ஆனால் ஒருவருடைய தலைக்குள் நுழைந்த பிறகும் மரியாதைப் பன்மையோடு நிற்பது, வீட்டுக்குள் வந்தும் காலணியைக் கழற்றாததுபோல் எனக்குத் தோன்றுகிறது.)

வுல்ஃப் அவர்களின் பகுதி அப்படி வருவதில்லை. கதவுகளைக் கழற்றவேண்டியிருக்கும், விருந்துக்கான ஆட்கள் வருகிறார்கள் என்பவை கிளாரிசாவின் எண்ணங்கள். ஆங்கிலத்தில் இவற்றின் காலம் ஒரு படி பின்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலே இது கதைசொல்லி கடன்வாங்கிப் பேசும் மனமொழி என்பதற்கு அடையாளம். தமிழில் பிறர் எண்ணத்தைச் சொல்லும்போது காலத்தைத் தள்ளும் வழக்கம் இல்லை. "வருகிறார்கள் என்று நினைத்தாள்" என்றுதான் எழுதுவோம். "என்று நினைத்தாள்" என்பதை எழுதினால் எண்ணம் பெட்டிக்குள் பூட்டப்பட்டுவிடுகிறது. எழுதாமல் விட்டால், ஆட்கள் உண்மையிலேயே இப்போது வந்துகொண்டிருப்பதாகக் கதைசொல்லியே அறிவிப்பதுபோல் ஆகிவிடுகிறது. "நான்" போட்டால் அது ஜாய்ஸ் ஆகிவிடும்.

இந்த இக்கட்டில் எனக்குக் கைகொடுத்தது "தான்" என்ற பழைய சொல். "அவளுக்கு வயதாகிவிட்டது" என்றால் அதைச் சொல்பவர் வெளியே நிற்கிறார். "தனக்கு வயதாகிவிட்டது" என்று ஒரு வாக்கியம் தனியே நின்றால், அதை உணர்பவள் உள்ளே இருக்கிறாள், சொல்பவர் வெளியே இருக்கிறார். இருவரும் ஒரே சொல்லில் அமர்ந்திருக்கிறார்கள். வுல்ஃப் காலத்தை வளைத்துச் செய்வதை நாம் பிரதிப்பெயரால் செய்துகொள்ளலாம். ஆனால் இதை ஒரு பத்திக்கு இரண்டு முறைக்கு மேல் செய்தால், கல்வெட்டு நடை வந்துவிடுகிறது என்பதையும், "அவள்தான்" என்ற அழுத்தத்தோடு கண் குழம்புகிறது என்பதையும் பிழைதிருத்தும்போது பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாவலின் முதல் வாக்கியத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பூக்களைத் தாமே வாங்கிவருவதாக மிஸஸ் டாலோவே சொன்னாரா, சொன்னாளா? கணவர் பெயரோடும் அடைமொழியோடும் வரும் அந்தப் பெண்மணி, வேலைக்காரி லூசியின் கண்ணுக்குத் தெரியும் எஜமானி. அங்கே "சொன்னார்" என்பதே பொருத்தம். சில வரிகள் கழித்து கிளாரிசா என்ற பெயர் வந்ததும், "நினைத்தாள்" என்று மாறவேண்டும். ஆங்கிலத்தில் பெயரை மட்டும் மாற்றி வுல்ஃப் செய்வதைத் தமிழ் வினைமுற்றே செய்துவிடுகிறது. ஆனால் நான் ஒருமுறை இப்படி மாற்றிக் கொடுத்ததை, "ஒருமை பன்மை மயக்கம்" என்று அச்சுக்கு முன் யாரோ அக்கறையோடு சீராக்கிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மாலியைப் பொறுத்தவரை, நிறுத்தக்குறிகளை நீக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் தமிழில் ஏமாந்துபோவார்கள். நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. வந்தான், போனாள் என்று விகுதியே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. புள்ளியை அழித்தாலும் வாக்கியம் முடிந்த இடம் காதுக்குத் தெரியும். வந்து, போய், பார்த்து என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம்தான். ஆனால் அதை நம் பாட்டிமார் கதை சொல்லும்போதே செய்துவிட்டார்கள், அதில் புதுமை எதுவும் இல்லை. மாலியின் உண்மையான உத்தி "அவன்" என்ற சொல்லில் இருக்கிறது. கணவன், பாய்லன், ஜிப்ரால்டரில் முதன்முதலில் முத்தமிட்ட மல்வி என எல்லோரும் அவளுக்கு அவன்தான். கடைசிப் பக்கத்தில் ஜிப்ரால்டர் மதிலடியில் முத்தமிட்ட "அவன்" மல்வியாகத் தொடங்கி, அடுத்த மூச்சில் ஹௌத் குன்றில் திருமணம் கேட்ட புளூமாக ஆகிவிடுகிறான். எந்தச் சொல்லில் ஆள் மாறினான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நல்லவேளையாக, இது தமிழில் முழுமையாக வருகிறது.

ஐயப்பாடு அவர்களுக்கு ஒரு சொல்: புளிப்பு, முகம், கால்வலி என்று நீங்கள் எழுதியதையே ஜாய்ஸும் எழுதியிருப்பார், அதே காற்புள்ளிகளோடு இல்லாவிட்டாலும்.

பாதிவழி வாசகர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. "தனக்கு வயதாகிவிட்டது" என்ற ஒற்றை எடுத்துக்காட்டு எனக்குப் பல நாள் போதும். ஃபாக்னரைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் கேட்கிறேன். 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' நாவலைப் பத்துப் பக்கங்களோடு மூடிவிட்டேன். அங்கே ஓடையும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் யாரோ எதையோ அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்பால் ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

தெற்குச் சாளரம் எழுதியது:

பத்துப் பக்கத்தில் மூடியவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன், இருமுறை. அடிப்பது கோல்ஃப் பந்து. அழுபவன் பெஞ்சி. அவனுக்கு அந்த விளையாட்டின் பெயர் தெரியாது; ஆகவே நமக்கும் சொல்லப்படுவதில்லை. அந்த மைதானம் ஒரு காலத்தில் அவன் குடும்பத்தின் மேய்ச்சல் நிலமாக இருந்தது. அண்ணன் க்வென்டினை ஹார்வர்டுக்கு அனுப்புவதற்காக விற்கப்பட்டது. பந்தடிப்பவர்கள் தங்கள் மட்டைதூக்கியை "கேடி" என்று அழைக்கும்போதெல்லாம், போய்விட்ட தன் அக்கா கேடியின் பெயர் அவன் காதில் விழுகிறது; அழுகிறான். முதல் பக்கத்திலேயே நாவல் முழுவதும் இருக்கிறது, ஆனால் திறவுகோலை அவனால் தரமுடியாது.

இப்பகுதியை நனவோடை என்று சொல்லலாமா என்பதே விவாதத்துக்குரியது. முப்பத்து மூன்று வயதான பெஞ்சி பேச்சற்றவன். அவன் எதையும் எண்ணுவதில்லை, ஒப்பிடுவதில்லை, வருந்துவதில்லை. கண்டதையும் கேட்டதையும் மணத்தையும் குறுகிய, இலக்கணம் பிசகாத வாக்கியங்களில் வைக்கிறான். வாக்கியம் ஒவ்வொன்றும் தெளிவானது. வாக்கியங்களுக்கு இடையிலான காலம்தான் காணாமல் போயிருக்கிறது. அவனுக்கு முன்பு, பின்பு என்பன இல்லை. நினைவுகூர்தல் என்ற செயலே அவனுக்கு இல்லை, எல்லாம் இப்போது நடக்கிறது.

முதல் தாவலைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி எளிது. 1928 ஏப்ரல் 7ஆம் நாள், லஸ்டர் என்னும் பையனோடு வேலியின் சந்துக்குள் புகும்போது பெஞ்சியின் உடை ஆணியில் மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த ஆணியில் மாட்டாமல் உன்னால் வரமுடியாதா என்று லஸ்டர் அலுத்துக்கொள்கிறான். அடுத்த வாக்கியம் சாய்வெழுத்தில்: கேடி என்னை விடுவித்தாள், நாங்கள் தவழ்ந்து உள்ளே போனோம். அதே வேலி, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குளிர்காலம். கிளாரிசாவின் கீலும் பெஞ்சியின் ஆணியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று மேலே படித்தபோது தோன்றியது. வேறுபாடு என்னவென்றால், கிளாரிசா அன்றைய காலையை நினைக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

நடைமுறைக்கு உதவும் குறிப்பு: பெஞ்சியைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று பாருங்கள். வெர்ஷ் இருந்தால் பெஞ்சி சிறுபிள்ளை, டி.பி. இருந்தால் வளரிளம் பருவம். லஸ்டர் இருந்தால் 1928. நாட்காட்டியைக் கிழித்துப்போட்ட ஃபாக்னர், அதற்குப் பதிலாக மூன்று ஆட்களை நிறுத்தியிருக்கிறார். க்வென்டின் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்: ஒருவர் கேடியின் அண்ணன், மற்றவர் கேடியின் மகள். இதை யாரும் சொல்லாததால் நான் இரண்டு வாரங்களை வீணாக்கினேன். காலத் தாவல்களைப் பல வண்ண மையில் அச்சிடவேண்டும் என்று ஃபாக்னர் விரும்பியதும், 1929இல் அது நடக்காமல் சாய்வெழுத்தோடு நின்றுபோனதும், 2012இல் ஃபோலியோ சொசைட்டி அப்படியொரு பதிப்பைக் கொண்டுவந்ததும் உண்மை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நிறத்தைப் பார்த்துக் காலத்தைத் தெரிந்துகொள்ளும் வாசகர் பெஞ்சியாக இருக்கமாட்டார், நூலகராக இருப்பார் என்பது என் கட்சி.

இரண்டாம் பகுதி க்வென்டினுடையது. 1910 ஜூன் 2. பைக் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்து முட்களைப் பிடுங்கி எறிந்தபிறகும் அது உள்ளே டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கற்றவனின் மனம், ஆகவே வாக்கியங்கள் நீளும், கிழியும், இறுதியை நெருங்கும்போது நிறுத்தக்குறிகளும் உதிரும். நீங்கள் பாடநூலில் எழுதிய நனவோடை அங்கேதான் இருக்கிறது. முதல் பகுதி பிடிபடாவிட்டால், நான்காம் பகுதியை முதலில் படித்துவிட்டு வரலாம்; அங்கே ஒழுங்கான படர்க்கைக் கதைசொல்லல் இருக்கிறது, பெஞ்சியை வெளியிலிருந்து முதன்முதலாகப் பார்க்கிறோம். தூய்மைவாதிகள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள்.

பாதிவழி வாசகர் எழுதியது:

ஆணியைக் கண்டுபிடித்துவிட்டேன். நன்றி. அதைப் படித்த வேகத்தில் 'யுலிசிஸ்' எட்டாம் அத்தியாயத்தின் முடிவுக்கும் திரும்பிப் போய், அருங்காட்சியக வாயிலில் புளூம் பைகளைத் துழாவும் இடத்தை மூன்று முறை படித்தேன். உருளைக்கிழங்கை அரைப்புள்ளி அவர்கள் சொல்லிவிட்டதால் அது தெரிந்தே வந்தது. சோப்பை நானாகவே பிடித்தேன்: ஐந்தாம் அத்தியாயத்தில் மருந்துக் கடையில் மாலிக்காகத் தைலம் தயாரிக்கச் சொல்லிவிட்டு, காசை அப்புறம் தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்ட எலுமிச்சைச் சோப்பு அது. பாய்லனிடமிருந்து தப்பி ஓடும் அந்த அரை நிமிடத்திலும், தைலத்தை வாங்கப் போகவேண்டும் என்ற எண்ணம் ஒரு சொல்லாக வந்து போகிறது. கடைக்குத் திரும்பிப் போய் அதை வாங்குகிறாரா என்பதை மட்டும் யாரும் இப்போது சொல்லிவிடவேண்டாம். ஒன்பதாம் அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறேன்.